கடைசி இலை அண்ணனும் முந்திரிப் பாயசமும்

ஆலவாய் அண்ணலும் அங்கயற்கண்ணியும் துணை. தைப்பூச நன்னாளாகிய இன்று, வாளியும் கரண்டியும் கொண்டு அறம் வளர்த்த ஓர் அடியாரை நினைக்கிறேன். அவரைப் போன்ற பிடிவாதக்காரர் மதுரையில் அவருக்கு முன் பிறந்ததில்லை. இனிப் பிறக்க அம்மை இசையவும் மாட்டாள்.

எங்கள் திருமுறைச் சபையின் குருபூசையில் இலையில் முதலில் விழுவது பாயசம். அதைப் பரிமாறுவது அவர் தொண்டு. ‘கடைசி இலை அண்ணன்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

அனைவருக்கும் ஒரே பந்தி என்பது சபையின் விதி. ஆயினும் பந்தியின் தலைப்பில் நூல் வியாபாரிகளும், வாலில் அவர்களுடைய மூட்டை சுமப்பவர்களும் அமர்வது வழக்கம். பஞ்சாலைகள் வந்து நகரம் செழித்த காலம் அது. உபயகாரரான நூல்கடை முதலாளி ஆண்டுதோறும் அண்டாவைப் பெரிதாக்கினார். அண்டா பெருத்தால் தலைப்பில் விழும் கரண்டியும் பெருத்தது. முந்திரி பாதிப் பந்தியிலேயே முத்தியடைந்தது. வாலுக்கு வந்தது வெல்லத் தண்ணீர்.

“ஊரு எம்புட்டு வளந்திருச்சு பாத்தீகளா?” என்றார் முதலாளி.

“அண்டா வளந்திருச்சு மொதலாளி. முந்திரிக்குத்தான் கால் வளரல. பாதி வழியிலயே நின்னுருது,” என்றார் அண்ணன்.

மறு ஆண்டு அண்ணன் வாளியோடு நேரே வாலுக்கு நடந்தார்.

“யோவ், இங்கிட்டு வாய்யா,” என்று முதலாளி கூப்பிட்டார்.

“வாரேன் மொதலாளி. அங்கிட்டிருந்து வாரேன்.”

அடுத்த ஆண்டு வியாபாரிகள் முந்திக்கொண்டு வாலைப் பிடித்தனர். அண்ணன் தலைப்பில் தொடங்கினார். அதற்கும் அடுத்த ஆண்டு இரு முனைகளையும் பிடித்துக்கொண்டனர். நடுவில் நெருக்குண்டு கிடந்தான், உசிலம்பட்டியிலிருந்து மூட்டை தூக்க வந்த இருளாண்டி. அருகில் ஒரு தூக்குச்சட்டி. முன்னிரு ஆண்டும் அவன் வீட்டில் போய் அளந்த முந்திரிப் பெருமை, மாசமாயிருந்த மனைவிக்கு ஆசையாகிவிட்டது.

“வெறுஞ்சட்டியோட போனா வீட்டுக்குள்ள விடமாட்டா அண்ணே.”

அண்ணன் நடுவில் கரண்டியை இறக்கப் போனார். முதலாளி எழுந்தேவிட்டார்.

“எங்கிட்டுத்தான்யா ஆரம்பிப்ப?”

“இருளாண்டி எங்கிட்டோ, அங்கிட்டு.”

முதலாளி சற்றே சிந்தித்தார். தம் வெற்றிலையை அல்ல, சாப்பாட்டு இலையையே கையில் எடுத்துக்கொண்டு வந்து, “தள்ளி உக்காரு மாப்ள,” என்றார் இருளாண்டியிடம். கண்ட வியாபாரிகள் அனைவரும் இலையும் கையுமாக ஓடிவந்து, ஒவ்வொரு மூட்டைக்காரர் பக்கத்திலும் இடம் பிடித்தனர். எது தலைப்பு, எது வால் என்று சிவனுக்கே விளங்காதவாறு பந்தி கலந்தது. அன்று எல்லா இலையிலும் முந்திரி விழுந்தது; தூக்குச்சட்டியும் நிறைந்தது.

யாவரும் எழுந்தபின் அண்ணன் தமக்கு ஓர் இலை போட்டு வாளியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டுத்தான் வந்தது. இருளாண்டி சட்டியைத் திறந்தான்.

“வேணாம்டா. மாசமானவ காத்துக்கிட்டிருப்பா.”

“நீங்க சாப்பிட்ட மிச்சத்தத்தான் கொண்டாரச் சொல்லிவிட்டா அண்ணே.”

பிடிவாதக்காரர் முதன்முறையாக ஒன்றுக்கு இணங்கினார். குனிந்தே உண்டார், வெகுநேரம் நிமிரவில்லை.

இன்றும் எந்தப் பந்தியில் அமர்ந்தாலும் என் கண் முதலில் கடைசி இலைக்குத்தான் போகிறது. இதைப் படிப்போர் அனைவர் இலையிலும் இனிப்பு நிறைக. பரிமாறிய கைக்கும் ஒரு பங்கு மிஞ்சுக.