நூற்றியெண்பது ஜாக்கெட்டும் ஒரு பட்டனும்

ஆடி மாதம் பூராவும் மத்தியானத்தில் தூங்கியே தீருவது என்று உத்திராபதி முடிவெடுத்தார். சாதாரண முடிவா அது! செந்துறையில் கல்யாணமான ஆம்பளை எவனும் துணியாத முடிவு.

சிமென்ட் ஆலையில் கேட் ஆபீஸ் கிளார்க் அவர். காலை ஷிஃப்ட் முடிந்து ரெண்டரைக்கு வீடு வந்தால், மனைவி வெற்றிச்செல்வி வாசலிலேயே வேலைப் பட்டியலை வாசிப்பாள். மாட்டுக்குத் தண்ணி, மாடிக்குத் துணி, மில்லுக்கு மாவு. மனுஷனைக் கண்ணை மூட விட்டால்தானே?

அப்பேர்ப்பட்டவளே வந்து மாட்டினாள். ஆரி வேலை போட்டு ஜாக்கெட் தைப்பவள் அவள். அரியலூர் ஜவுளிக்கடை ஒன்று, ஆவணி முகூர்த்தத்துக்குப் பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தது. நூற்றியெண்பது மாடலும் நம்பர், பேர், படம், விலையோடு எக்செல்லில் வரவேண்டும். ஆடி கடைசி வெள்ளி நாலு மணி வரைக்கும்தான் கெடு. தவறினால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

"பேரெல்லாம் அடிச்சுட்டேங்க. படத்தைத்தான் கட்டத்துக்குள்ள வைக்கத் தெரியல."

"அது லேசுப்பட்ட வேலை இல்ல புள்ள. ஒண்ணொண்ணா ஒட்டணும். ஒண்ணை வச்சா இன்னொண்ணு நகந்து விலை மேல போயி உக்காந்துக்கும். ஒரு நாளைக்கு ஏழு படம் முடிச்சாலே பெருசு. கதவைச் சாத்திக்கிட்டுதான் செய்யணும்."

"ஐயையோ! அப்ப மாட்டுக்குத் தண்ணி?"

"நீ காட்டு."

"மாடித் துணி?"

"நீ எடு."

"நீங்க?"

"நான் உழைக்கிறேன்."

உழைப்பாவது, ஒண்ணாவது! ஆபீஸ் நண்பர் பாலசுந்தரம் கொடுத்த ஒரு சின்ன சாப்ட்வேர் அவர் லேப்டாப்பில் இருந்தது. படங்களுக்கு நம்பரையே பேராக வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினால் போதும். அந்தந்த நம்பர் படம் அந்தந்தக் கட்டத்தில் அளவாகப் போய் உட்கார்ந்துவிடும். முதல் நாளே அமுக்கிப் பார்த்தார். நாற்பதே விநாடி. நூற்றியெண்பது ஜாக்கெட்டும் ஜம்மென்று உட்கார்ந்தன. "அடி சக்கை!" என்று துள்ளியவர், கட்டத்தில் இருந்த படங்களையெல்லாம் அழித்தார். ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். கடைசி நாள் அஞ்சு நிமிஷம் முன்னால் அமுக்கினால் தீர்ந்தது.

என்ன தூக்கம், என்ன தூக்கம்! பக்கத்து அறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடும். அந்தச் சத்தத்தில் இன்னும் சுகமாக வரும். நாலு மணிக்குச் செல்வி ஒரு கையில் டீ, ஒரு கையில் போனோடு வந்து நிற்பாள்.

"கண்ணு எரியுது புள்ள. அதான் மூடி வச்சிருந்தேன்."

"பாவம், எவ்வளவு நேரந்தான் படத்தையே பாப்பீங்க. டீ குடிங்க."

இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இருபத்தைந்தாம் நாள். கடைசி வெள்ளி. மூணு ஐம்பத்தைந்துக்கு எழுந்து, முகம் கழுவி, பட்டனை அமுக்கினார். படங்கள் டப்டப்பென்று விழுந்தன. உத்திராபதிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நம்பர் ஒன்று, மயில் கழுத்து, முத்து வேலை. படத்தில் மயிலையும் காணோம், முத்தையும் காணோம். வாயைப் பிளந்து தூங்கும் உத்திராபதி! நம்பர் நாலு, ஜன்னல் மாடல், ஆயிரத்து எண்ணூறு. கிழிந்த பனியனோடு உத்திராபதி! நம்பர் ஒன்பது, தொங்கும் மணி. கட்டிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டு உத்திராபதி!

கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். இருபத்து நாலாம் நம்பர் வரைக்கும் அவரேதான். அதற்குக் கீழே எல்லாம் வெறும் கட்டம். ஒரு ஜாக்கெட்கூட இல்லை.

"செல்வீ! மோசம் போயிட்டோம் புள்ள!"

டீயும் போனுமாக வந்தாள் வெற்றிச்செல்வி.

"கத்தாதீங்க. மாடு மிரளுது."

"ஜாக்கெட் படம் ஒண்ணையும் காணோம்! நாலு மணிக்குள்ள அனுப்பணுமே! ஆர்டர் போச்சே!"

"அனுப்பி இருபத்து மூணு நாளாச்சு."

"என்னது?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னீங்கல்ல? காட்டிட்டு வரேன், ஜன்னல் வழியா பாத்தா நீங்க அடி சக்கைன்னு துள்ளுறீங்க. பட்டன் ஒண்ணுதான, எனக்கு அமுக்கத் தெரியாதா? மறுநாள் நீங்க ஷிஃப்ட்டு போனதும் அமுக்கிட்டேன். ஆர்டர் வந்து, பாதி தச்சும் முடிச்சாச்சு. மெஷின் ஓடுனது காதுல விழலியா?"

நன்றாகவே விழுந்தது. தாலாட்டு என்றல்லவா நினைத்திருந்தார்!

"அப்ப... தினம் டீ கொண்டாந்தது?"

"படம் புடிக்கத்தான். ஜாக்கெட் படத்தை எடுத்துட்டு, இதை நம்பர் போட்டு ஃபோல்டர்ல வச்சதும் நான்தான்."

"இதை... யாருக்காச்சும் அனுப்புனியா?"

"இன்னும் இல்ல. உங்க தங்கச்சி நம்பர் இருக்கு, பாலசுந்தரம் அண்ணன் நம்பர் இருக்கு. ஆவணியில மத்தியான வேலையெல்லாம் எப்படிப் பாக்குறீங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

உத்திராபதி திறந்த வாய் திறந்தபடி நின்றார். அவள் டீயை மேஜையில் வைத்துவிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அப்படியே நில்லுங்க, வாயை மூடிறாதீங்க. இருபத்தஞ்சாம் நம்பர் கட்டம் காலியா கெடக்கு."