குணம் சொல்லியின் குதிரை

கைரேகைக்காரர் கையைப் பார்த்துச் சொல்வார், கிளி ஜோசியர் சீட்டைப் பார்த்துச் சொல்வார். எதையும் பார்க்காமலே சொல்கிற ஓர் இனம் உண்டு. அதற்குக் 'குணம் சொல்லி' என்று பெயர் வைத்திருக்கிறேன். தலைவலியோடு பேசாமல் உட்கார்ந்திருப்பவரைக் காட்டி, அவர் பிறவியிலேயே முசுடு என்பார். வயிறு சரியில்லாமல் கல்யாணப் பந்தியில் பாதியில் எழுந்தவரைப் பார்த்து, அந்தக் குடும்பத்துக்கே மரியாதை தெரியாது என்பார். முழங்கால் வலியால் பஸ்ஸில் எழுந்து இடம்விடாதவரைப் பார்த்து, இந்த நாடு எப்படி உருப்படும் என்பார். மற்றவர்களுக்கும் உடம்பு என்று ஒன்று இருக்கிற செய்தி இன்னும் அவரை எட்டவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்தான். அவசரப்பட்டுப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

அரியலூரை அடுத்த ரெட்டிபாளையத்தில், சிமென்ட் ஆலை ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கலையரசன் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். காரணம், அவர் தத்துவம் படிக்கிறவர். படிக்காத குணம் சொல்லி, 'அவனுக்குத் திமிரு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். படித்தவர் அதே தீர்ப்பை மூன்று நூற்றாண்டுச் சிந்தனையோடு சேர்த்து வழங்குவார். தீர்ப்பு மாறாது. நேரம்தான் கூடும். பாராட்டுவதில் கலையரசனுக்குக் கை இறுக்கம். மனைவி ஜெயசித்ரா வைக்கிற மீன் குழம்புக்கு அவர் கொடுக்கிற உச்சபட்ச விருது 'பரவாயில்ல'. கேட்டால், முழுமை என்பது இந்த உலகத்தில் இல்லை என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு பெண் குதிரை வாங்கினார். பெயர் பவளம். தன்னைவிடப் பெரிய ஒன்றோடு மனிதனுக்கு உறவு வேண்டும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிப் போகும் சாலையோரத்தில் அந்த உறவின் மேல் ஏறி உட்கார்ந்து அவர் போக, லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வணக்கம் வைத்தார்கள்.

பவளம் நல்ல குதிரை. சில நாட்கள் தவிர. அந்தச் சில நாட்களில் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொள்ளும், கிட்டே போனால் கீச்சென்று கத்தும், வாலைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும், சாலையில் ஒரு ஆண் குதிரை வண்டி இழுத்துப் போனால் கயிற்றை அறுக்கப் பார்க்கும், முதுகில் சேணத்தை வைத்தால் உடம்பெல்லாம் சிலிர்த்துக் காலை உதறும். பிறகு ஒரு நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி கொள்ளுத் தின்னும். கலையரசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார். முதல் முறை, அகங்காரம் என்றார். அடுத்த முறை, சுதந்திர வேட்கை. அதற்கடுத்த முறை, நன்றியின்மை.

இத்தனைக்கும் அதே கொட்டகையில் ஒரு பசுவும் நிற்கிறது. விடிகாலையில் அது ஒரு மாதிரி குரல் கொடுத்தால் போதும், காபி டம்ளரிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஜெயா, மாடு கத்துது, பருவத்துக்கு வந்துருச்சு. ஊசி போடறவருக்குப் போன் போடு" என்பார். பசுவுக்கு அகங்காரம் என்று அவர் சொன்னதே இல்லை. ஏன்? பசு பசு. குதிரை அப்படியா? காலண்டரில் ராஜா ஏறி உட்கார்ந்திருக்கிற பிராணி. ராஜா ஏறுகிற பிராணிக்குக் கருப்பை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இந்த நிலையில் ஒரு கல்யாணம் வந்தது. பள்ளிக்கூடக் காலத்து நண்பர் அரியமுத்து, தன் மகன் பிரேமைத் திருமழபாடி கோயில் வாசலிலிருந்து பவளத்தின் மேல் ஊர்வலமாக அழைத்துவர ஆசைப்பட்டார். கலையரசன் வாக்குக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். வெள்ளிக்கிழமை ஒத்திகைக்காகச் சேணத்தை வைத்து வாரை இறுக்கினார். பவளம் திரும்பி அவருடைய இடது தோளைக் கடித்தது. பனியன் கிழிந்தது.

"இது துரோகம்" என்றார் கலையரசன். பெரம்பலூரில் இருக்கும் தரகர் செல்லக்கண்ணுவுக்கு அப்போதே போன் போட்டார். "கல்யாணத்தை எப்படியாவது ஓட்டிடறேன். திங்கட்கிழமை வந்து புடிச்சிட்டுப் போயிடுங்க. குணம் சரியில்ல."

ஜெயசித்ரா குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, அதுக்கு எங்கயோ வலிக்குதுங்க."

"வலி இல்ல ஜெயா. கட்டுப்பாட்டை எதிர்க்கிற இச்சை."

"வாலத் தூக்கித் தூக்கி மூத்திரம் போவுதே, அதுவும் இச்சையா?"

"அது அந்த எதிர்ப்போட வெளிப்பாடு."

"போன மாசம் வயித்து வலியில சுருண்டு கெடந்தேன். அப்ப எனக்கும் என்னமோ சொன்னீங்களே, என்னது அது?"

வாழ்க்கைச் சலிப்பு என்று சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நினைவில்லை என்றார்.

"வெந்நீர்ப் பை கேட்டேன். புத்தகம் குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டு, அவள் கால்நடை மருத்துவர் வெற்றிச்செல்விக்குப் போன் போட்டாள்.

டாக்டர் சனிக்கிழமை காலையில் வந்தார். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு முதுகில் கையை வைத்து மெதுவாகப் பின்னால் கொண்டுபோனார். இடுப்புக்குக் கிட்டே வந்ததும் பவளம் கத்தி, உடம்பைச் சுருக்கியது.

"எப்பலேர்ந்து சார் இப்படி?"

"வந்ததுலேர்ந்தே, விட்டு விட்டு. அடிப்படையில பிடிவாத குணம் டாக்டரம்மா."

"விட்டு விட்டுன்னா, மூணு வாரத்துக்கு ஒரு தடவ வருமா?"

கலையரசன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"சார், உங்க பசு கத்துனா என்ன பண்ணுவீங்க?"

"ஊசி போடறவரக் கூப்புடுவேன்."

"இதுவும் பருவத்துலதான் சார் இருக்கு. சில குதிரைக்கு இந்த நாள்ல சினைப்பை பக்கம் நல்லா வலிக்கும். அதுக்கு மேல நீங்க சேணத்தப் போட்டு ஏறி உக்காந்தா, கடிக்காம கும்புடுமா?"

கலையரசன் பசுவைப் பார்த்தார். பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இந்த விஷயத்தில் கருத்து ஏதும் இல்லை.

டாக்டர் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார். "இந்த நாள்ல சேணம் வேணாம். கையில புடிச்சு நடத்துங்க. ஆண் குதிரை கண்ணுல படாத பக்கமா கட்டுங்க. எப்ப வருது, எப்ப போவுதுன்னு பாத்து வச்சுக்குங்க. ஒவ்வொரு தடவையும் இந்த வலின்னா ஸ்கேன் எடுத்துருவோம்."

"நாளைக்குக் கல்யாணம்..."

"மாப்பிள்ளையக் கார்ல போவச் சொல்லுங்க. காருக்கு வலிக்காது."

"திங்கட்கிழமை வித்துடலாம்னு இருக்கேன்."

"வித்துருங்க. வாங்கறவரும் சேணத்தப் போடுவாரு, கடி வாங்குவாரு, குணம் சரியில்லன்னு அடுத்தவருக்கு விப்பாரு. ஒரு இடத்துல அடிக்கவும் செய்வாங்க."

மதியத்துக்கு மேல் பவளம் காதை நிமிர்த்தியது. தொட்டியில் தண்ணீர் குடித்தது. அகங்காரம், சுதந்திர வேட்கை, நன்றியின்மை, துரோகம் எல்லாம் ஒரே ஊசியில் இறங்கிவிட்டன. ஒரு சிந்தனை மரபுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? கலையரசன் செல்லக்கண்ணுவைப் போனில் கூப்பிட்டு, "வர வேணாங்க. குதிரை இங்கயே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று தரகர் கேட்டதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. அவருடைய வாழ்க்கையில் அது முதல் தடவை.

அடுத்து அரியமுத்து. இடது கை மேலே எழும்பாததால் போனை வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"முத்து, குதிரை நாளைக்கு வராதுய்யா."

"என்னய்யா திடீர்னு?"

"பருவத்துல இருக்கு. வலி."

"யாருக்கு, குதிரைக்கா?" அந்தப் பக்கம் சிரிப்பும் கோபமுமாக ஒரு சத்தம் வந்தது. "பத்திரிகை குடுத்த வூட்டுலெல்லாம் குதிரைன்னு சொல்லி வச்சுருக்கேன். அதுக்கு வலியாம்! வெடுக்கு வெடுக்குன்னு நீ பேசறதுலயே தெரியுதேய்யா. எம்மவன் குதிரையில போறது ஒனக்குப் பொறுக்கல. பள்ளிக்கூடத்துலேர்ந்து பாக்குறேன், அடுத்தவன் நல்லாருந்தா ஒனக்கு ஆவாது. ஒன் கொணமே அப்புடி."

தோள் தெறிக்கிறது, அதனால்தான் குரல் அப்படி வருகிறது என்று சொல்லக் கலையரசன் வாயைத் திறந்தார். போன் வைக்கப்பட்டிருந்தது.

ஜெயசித்ரா வெந்நீர்ப் பையோடு வந்தாள். "சட்டையக் கழட்டுங்க" என்றாள். தோள் கருநீலமாக வீங்கியிருந்தது. "ஆஸ்பத்திரிக்கு நேத்தே போயிருக்கணும். கெளம்புங்க." அவருடைய குணத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு நிறைய இருந்தது.

இப்போது உங்களிடம் வருகிறேன். முதல் வரியிலிருந்து நான் கலையரசனின் குணத்தைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்களும், எங்கள் ஆபீசில்கூட இப்படி ஒருத்தர் இருக்கிறார் என்று தலையாட்டிக்கொண்டே வந்தீர்கள். வெள்ளிக்கிழமை ஒரு குதிரை ஒரு மனிதரைக் கடித்தது. பனியன் கிழிந்தது என்று எழுதினேன். தோள் என்ன ஆயிற்று என்று கேட்டீர்களா? நானும் கேட்கவில்லை. அவர் ஜெயசித்ராவிடம் விளக்கம் சொன்னபோதும், டாக்டர் முன்னால் விரல்விட்டு எண்ணியபோதும் அது வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். நமக்கு எங்கே தோன்றியது?

நம்ம குணமே அப்படி.