வெள்ளிக்கிழமை வில்லாளி

வெள்ளவத்தை,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் சண்முகத்துக்கு,

நீரும் நாகேஸ்வரியும் சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இருக்கிறேன். லிஃப்ட் திரும்பவும் நின்றுவிட்டது, கடற்காற்றில் யன்னல் கம்பிகள் கறள் பிடித்து உதிர்கின்றன, ரயில் போகும்போதெல்லாம் உம்முடைய அக்கா விசாலியின் படம் சரிகிறது, நான் எழுந்து நிமிர்த்துகிறேன். விஷயம் இதுதான். மகள் ஹம்சிகா கனடாவிலிருந்து வந்தபோது டீவியில் பூட்டிவிட்டுப் போன விளையாட்டு மெஷினை நீர் ஒரு த்ரீவீலர் பிடித்து வந்து நுகேகொடைக்கு உம்முடைய வீட்டுக்குக் கொண்டு போய்விடும். போனில் சொன்னால் ஏன் என்று கேட்பீர், அதுதான் எழுதுகிறேன்.

விசாலியின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தவள்தான் இதைத் தொடக்கினாள். "அப்பா, அம்மா இருக்கேக்க போனில அவ கதைப்பா, நீங்கள் பக்கத்தில இருந்து தலையாட்டுவீங்கள். இப்ப நீங்கள் சாப்பிட்டியா எண்டு கேக்கிறீங்கள், நான் ஓம் எண்டுறன், பிறகு ரெண்டு பேரும் சும்மா இருக்கிறம். இதை விளையாடினா கதை தன்பாட்டில வரும்" என்றாள். பிள்ளை சொன்னதில் பிழை இல்லை. எனக்குக் கதைக்க வராது, அது உமக்கும் தெரியும். விளையாட்டு என்னவென்றால், காட்டுக்குள் வீடு அளவில் மிருகங்கள் நிற்கும், நாங்கள் கூட்டமாகப் போய் வேட்டையாட வேண்டும். ஆயுதம் தெரிவு செய்யச் சொன்னபோது நான் வில்லைத் தெரிவு செய்தேன். மற்றதெல்லாம் அலுமாரிக் கதவு அளவு வாள்கள், கிட்டப் போய் வெட்ட வேண்டும். வில் என்றால் தூர நின்று எய்துவிட்டு என்பாட்டில் இருக்கலாம் என்று நினைத்தேன். அங்கேயும் என் தலையெழுத்து விடவில்லை. தூர நின்று எய்தால் அம்பு படும், ஆனால் மிருகத்துக்கு நோகாது. அது மூச்சு விடுவது முகத்தில் படுகிற தூரத்துக்குப் போய், நாணை இழுத்துப் பிடித்து, அது பாயும்போது உருண்டு விலகி, திரும்ப இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க வேட்டைக்காரனுக்கு மூச்சு குறையும். மூச்சு முடிந்தால் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இரைப்பான், ஐந்தாம் மாடிக்குப் படியேறி வந்த என்னைப் போல. மிருகம் அதற்காகவே காத்திருக்கும்.

நான் விடவில்லை மச்சான். கிழமை முழுக்கத் தனியாகப் பழகினேன். பட்டன் அழுத்திப் புண்ணான பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பழகினேன். ஒரு புதன்கிழமை, கொம்பு முளைத்த பெரிய பல்லி ஒன்றைத் தன்னந்தனியாக விழுத்தினேன். சந்தோஷத்தில் படியிறங்கிப் போய் வாட்ச்சரிடம் சொன்னேன். அவன் "ஹொந்தாய் சேர்" என்று சிங்களத்தில் மெச்சிவிட்டுக் கேற்றைத் திறந்துவிட்டான். வேறு சொல்ல ஆளில்லாததால் திரும்ப ஏறி வந்தேன்.

ஆனால் கூட்டத்தோடு போகும் நாளில்தான் நாசம். ஹம்சிகாவுக்கு வேலையில்லாத இரவு வியாழன் மட்டும், அது எங்களுக்கு வெள்ளி காலை. நான் குளித்து விளக்கேற்றிவிட்டு மெஷினுக்கு முன்னால் இருப்பேன், அதிலேயே அவள் குரலும் கேட்கும். அவளோடு வேலை செய்கிற இப்திகார் என்ற கொட்டாஞ்சேனைப் பிள்ளையும் வரும். கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்த்து மூன்று தரம் மயங்கி விழுந்தால் வேட்டை முடிந்தது, தோல்வி. வெள்ளிக்கு வெள்ளி அந்த மூன்றும் நான்தான். முதல் தரம் வாலடியில் விழுவேன், அடுத்தது இரைத்துக்கொண்டு நிற்கும்போது, மற்றது "சொறி பிள்ளை" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது. ஒருநாள் வேட்டைக்குப் புறப்படுகிற டென்டில் வைத்து இப்திகார், "அங்கிள், நீங்க டென்ட்லயே கொஞ்சம் இரிங்களே, நாங்க முடிச்சிட்டு வாறம்" என்றது. மரியாதையாகத்தான் சொன்னது. கலியாண வீட்டில் கிழடுகளை ஃபேனுக்குக் கீழே இருத்துவார்களே, அந்த மரியாதை. ஹம்சிகா ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேசாமை எனக்குத் தெரியும், அது என்னுடையது.

நேற்றுத்தான் காரணம் வெளித்தது. வேட்டைக்கு முன் டென்டில் ஒரு சமையல்காரன் எல்லோருக்கும் பெரிய இறைச்சித் துண்டாகச் சுட்டுக் கொடுப்பான். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, நீங்களும் சாப்பிடுங்கோவன்."

"வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு வெள்ளியெல்லே, இறைச்சி கூடாது."

 பிறகு இப்திகார் மெதுவாக, "அங்கிள், அது கேம் சாப்பாடு தானே" என்றது.

"படத்தில எண்டாலும் மச்சம் மச்சம்தான் தம்பி. மரக்கறி கேக்க அதில பட்டனும் இல்லை."

"ஐயோ அப்பா, அதைச் சாப்பிட்டாத்தானே மூச்சு குறையாம நிக்கும். இவ்வளவு நாளும் வெறும் வயித்தோடயா வில்லு இழுத்தனீங்கள்?"

எனக்கு எப்படித் தெரியும்? ஏதோ உபசரிப்பு என்று நினைத்தேன். புதன்கிழமை டென்டில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்தப் பல்லியை விழுத்தியிருக்கிறேன். அதோடு விட்டாளா? "வெள்ளி விரதம் பிடிச்சது அம்மாவெல்லோ. நீங்கள் அவ சமைச்சதைச் சாப்பிட்டனீங்கள், அவ்வளவுதானே" என்றாள். "ஓம். அவ இருக்கேக்க அவ பிடிச்சா. இப்ப ஆர் பிடிக்கிறது?" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் "சரியப்பா" என்றாள். லைன் கட்.

இனி என்ன செய்ய? சாப்பிட்டால் உம்முடைய அக்காவின் வெள்ளி போய்விடும். சாப்பிடாவிட்டால் பிள்ளையின் குரல் கேட்கிற அந்த ஒரு மணித்தியாலம் போய்விடும், தோற்கிற கிழவனை எத்தனை நாளைக்கு இழுத்துக்கொண்டு திரிவார்கள்? அவர்களாக விடச் சொல்லுமுன் நானே விடுகிறேன். இந்த வீட்டில் அந்தக் குரலைத் தவிர வேறு சத்தம் இல்லை என்பதும் உமக்குத் தெரிந்திருக்கட்டும். வந்து எடுத்துக்கொண்டு போம்.

உங்கள் வீட்டு அடுப்பும் ஆட்களும் குறையில்லாமல் இருக்கப் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். நாகேஸ்வரியின் முழங்காலைக் கேட்டதாகச் சொல்லும்.

உமது அத்தான்,
பரராஜசிங்கம்

பி.கு: லிஃப்ட் திருத்தாததால் தபாலுக்கு இறங்கவில்லை, அதற்குள் வெள்ளி வந்துவிட்டது. சொல்லிக்கொண்டு விலகுவோம் என்று மெஷினைப் போட்டேன். நான் நாணை இழுக்கவே இல்லை, அதற்குள் ஹம்சிகா மயங்கி விழுந்தாள். எழுந்து வந்தவள் இரைத்து இரைத்துத் திரும்ப விழுந்தாள். இவள் விழுந்து நான் கண்டதில்லை. பதறிப்போய் வாயில் வந்த ஒரே கேள்வியைக் கேட்டேன், "பிள்ளை, சாப்பிட்டியா?" "இல்லையப்பா, உங்கட வீட்டில இண்டைக்கு வெள்ளியெல்லே" என்றாள். மூன்றாவதாக விழுந்தது நான், திரை மங்கலாகத் தெரிந்தது. தோற்ற பிறகு டென்டில் இருந்து அவள் அம்மாவைப் பற்றியே கதைத்தாள், நானும் கதைத்தேன். மெஷினை எடுக்க வரவேண்டாம். வந்தால் பெருவிரலுக்குப் பூசக் கொஞ்சம் தைலம் வாங்கி வாரும், அடுத்த வெள்ளியும் நாங்கள் தோற்க வேண்டியிருக்கிறது.