உம்மு ஹைதமின் முன்பல்

மூன்றாவது பல்லிலும் விரிசல். வஜ்தி அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

வேறு யாருடைய பல்லாகவாவது இருந்தால் பரவாயில்லை. இது மாமியாராகப் போகிற உம்மு ஹைதமின் முன்பல். வியாழக்கிழமை அவள் மகள் ஷிரீனோடு அவனுக்கு நிக்காஹ். ஓட்டைப் பல்லோடு சபையில் உட்கார முடியாது, பல் வராவிட்டால் நிக்காஹைத் தள்ளிவையுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள்.

பல் செய்வதில் இர்பித் நகரில் வஜ்திக்கு நல்ல பெயர். உள்ளே வலுவான பீங்கான் கூடு, மேலே பல்லின் நிறத்தில் மெல்லிய பீங்கான் தோல். இரண்டும் சூளையில் சேர்ந்து பழுத்து, சேர்ந்தே சுருங்க வேண்டும். ஆறுமுன் பல் வைத்த சூளைத் தட்டைக் கீழே இறக்கிவிட்டால் காற்றுப் பட்டு மேல்தோல் முந்திக்கொண்டு பிளக்கும். இத்தனை வருடம் செய்தும், இரண்டு மண் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து ஒரே பல்லாவதைக் காணும்போதெல்லாம் அவனுக்கு மெய்சிலிர்க்கும்.

முதல் பல் பிளந்ததும் கடைக்காரனோடு சண்டை போட்டு வேறு பொடி வாங்கினான். அதுவும் பிளந்தது. அடுத்ததை இன்னும் மெதுவாக ஆறவிட்டான். காத்திருப்பு நீண்டது. பல்லுக்காகத் தினமும் வந்து உட்கார்ந்திருந்த மாமிக்கு அன்றும் இரண்டாம் முறையாகக் காப்பி வைக்கப் பின்கட்டுக்குப் போனான். ஏலக்காய் தட்டிப்போட்டு, பொங்கி அடங்கும்வரை நின்று காய்ச்சினான். காப்பி கொடுக்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

மூன்றாவதும் பிளந்தபின் ஷிரீனுக்குப் போன் போட்டான். "கூடும் தோலும் ஒத்துவரலை. நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துவராதுன்னு சொல்லுதோ என்னவோ."

"எங்கம்மா பல்லுதானே ஒடையுது. நீ ஏன் என்னை ஒடைக்கிறே? வேலையைப் பாரு."

புதன்கிழமை நாலாவது பல். பயத்தில் வஜ்தி சூளையை விட்டு அசையவில்லை. காப்பியும் இல்லை. மாமி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றாக ஆறியபின் தட்டை இறக்கினான். ஒரு கீறல் கூட இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நிக்காஹ் முடிந்தது. உம்மு ஹைதம் சபை நிறையச் சிரித்தாள். வஜ்தி பக்கத்தில் போய், நேற்று காப்பி கொடுக்காததற்கு மன்னிப்புக் கேட்டான்.

"காப்பி கெடக்குது தம்பி. என் கொறை வேற. முன்னாடி ஒவ்வொரு தடவையும் நீ காப்பி வைக்கப் போனதும், பொத்தானை அமுக்கித் தட்டை எறக்கிப் பாத்துட்டு மூடி வெச்சேன். மாதுளை முத்தாட்டம் செவந்து ஜொலிச்சுது என் பல்லு, சுப்ஹானல்லாஹ். இந்தப் பல்லை மட்டும் பாக்க விடாம காவல் காத்துட்டியே."