பக்கவிளைவு டாக்டரும் எங்கள் வீட்டு நெய்க் கரண்டியும்

மருந்துக் கம்பெனியில் சம்பளம் வாங்கிக்கொண்டு மருந்தைக் கண்டு பயந்த மனிதர் இந்த மதராஸிலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். தி. நகரில் பனகல் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் ஆபீசின் மருத்துவ ஆலோசகர் அவர். நிஜப் பெயரைச் சொன்னால் எங்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘பக்கவிளைவு’ என்றால் வாட்ச்மேன்கூட மாடியைக் காட்டுவார்.

அவருக்கு நோயாளிகள் கிடையாது. மருந்து லேபிளோ விளம்பரத் தாளோ, அவர் கையெழுத்து இல்லாமல் அச்சுக்குப் போகாது. அதுதான் வேலை. அவரோ பேனாவைத் திறப்பார், “யாருக்காவது ஏதாவது ஆயிட்டா?” என்பார், மூடிவிடுவார். தலைவலி மாத்திரை ஒன்றுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த எச்சரிக்கைகள் மட்டும் நாலு பக்கம். விற்பனை மேனேஜர் படித்துவிட்டு, “டாக்டர், இதைப் படிச்சாலே தலைவலி வருதே!” என்றார்.

“அப்படியா?” டாக்டர் என் பக்கம் திரும்பினார். “அதையும் சேர்த்துக்கோய்யா.”

எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங்கும்தான் என் படிப்பு. அவர் கூப்பிட்டாலே எனக்கு வேர்க்கும்.

ஒரு தடவை குழந்தைகளுக்கான இருமல் சிரப் வந்தது. ‘வேளைக்கு ஒரு தேக்கரண்டி’ என்றது லேபிள். மேனேஜர் அவசரப்படுத்தினார். டாக்டர் அசையவில்லை. “யாராத்துத் தேக்கரண்டி?” என்றார். ஆபீசில் எல்லோரும் வீட்டில் குழந்தைக்கு மருந்து கொடுக்கும் கரண்டியை மறுநாள் கொண்டுவர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

மறுநாள் மேஜை மேல் எட்டுக் கரண்டிகள். பியூன் கன்னியப்பன் ஒவ்வொன்றிலும் சிரப்பை நிரப்பி அளவுக் குழாயில் ஊற்றினான். ஐந்து மில்லி வரவேண்டும். ஒன்றில் மூன்று வந்தது, ஒன்றில் ஏழு. “இது ஊறுகா ஸ்பூன் சார், எண்ணெ மிதந்துகினு கீது.” கடைசியில் என் கரண்டி. குழாயில் பன்னிரண்டு வரை ஏறியது.

“இன்னா சார் இது, கரண்டியா அண்டாவா? புள்ளைக்கு மருந்து ஊத்துறியா, குளிப்பாட்டுறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அது எங்கள் வீட்டு நெய்க் கரண்டி. டீயைக் கரண்டியால் கலக்கும் வழக்கமே இல்லாத வீட்டில் தேக்கரண்டிக்கு எங்கே போவது?

“சார்,” என்றேன். “என் பொண்ணு வசந்திக்கு இருமல். மூணு வயசு. நேத்து சாயந்திரம் இதுல ஒண்ணு, இன்னிக்குக் காலைல ஒண்ணு குடுத்தோம். இதே சிரப். சாம்பிள் அலமாரியிலேர்ந்து கேக்காம எடுத்துட்டேன்.”

வேலை போயிற்று என்று நினைத்தேன். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார்.

“குழந்தை இப்போ என்ன பண்றா?”

“நான் கிளம்பறப்போ தூங்கிட்டிருந்தா சார்.”

“எழுப்பிப் பார்த்தியா? அது தூக்கமா, மருந்து மயக்கமா?”

“இல்ல சார்.”

எப்போதும் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு படி இறங்குகிறவர், அன்று ஸ்டெதாஸ்கோப்போடு இரண்டிரண்டு படியாகத் தாவினார். டாக்சி டிரைவர், “இன்னா நைனா, பிரசவ கேஸா?” என்று கேட்டதற்கு, “வாயை மூடிண்டு அழுத்துய்யா!” என்றார்.

மயிலாப்பூரில் ஒண்டிக்குடித்தனம் எங்களுக்கு. என் மனைவி சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள். “இன்னாங்க இந்நேரத்துல? பாப்பா காலையிலேர்ந்து ஒரு தொல்லை இல்ல, தூங்கிக்கினே கீது. உங்க கம்பெனி மருந்து ரொம்ப நல்ல மருந்துங்க.”

அதைவிட பயங்கரமான பாராட்டை நான் கேட்டதில்லை.

டாக்டர் தரையில் மண்டியிட்டார். நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, மூச்சை எண்ணினார். உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை கண் திறக்கவில்லை. “டாக்சி போகாம பார்த்துக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போகணுமோ என்னமோ.” நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நானே டைப் அடித்த எச்சரிக்கைகள் வரிசை தவறாமல் கண் முன்னே ஓடின.

ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தார். “கண்ணைத் திறடியம்மா. உன் பேர் என்ன? சொல்லு.” மறுபடி துடைத்தார். மறுபடி கேட்டார். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது.

வசந்தி கண்ணைத் திறந்தாள். எதிரே கறுப்புக் குழாயோடு ஒரு மூக்குக்கண்ணாடி. வீடே அதிர ஓர் அலறல்.

“ஊசி போடுவியா?”

“மாட்டேண்டியம்மா. ஊசின்னா எனக்கே பயம்.”

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு பால் கேட்டாள். அவள் எழுந்து நடந்து, ஓடி, தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்து அம்மாவிடம் அடி வாங்கும்வரை டாக்டர் இடத்தைவிட்டு அசையவில்லை.

வாசலில் நான் ஆரம்பித்தேன். “சார், அந்த சாம்பிள் பாட்டில்...”

“நான்தான் குடுத்தேன். மேனேஜர் கேட்டா அப்படியே சொல்லு. பாட்டிலோட அளவு மூடி வராம அந்த லேபிள்ல கையெழுத்தும் கிடையாதுன்னு சொல்லு.”

முதல் தடவையாக அவர் கையைப் பிடித்தேன். டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.