தகுதி பார்க்கும் தண்டபாணி

காவாந்தண்டலத்துக் கடைசித் தெருவுக்கும் அப்பால் இருக்கும் குடியிருப்பில் பிறந்த அம்சா வென்றவை இவை: நான்கு வருடம் அலைந்து, பதினோரு மனு கொடுத்து வாங்கிய சாதிச் சான்றிதழ், பிளஸ் டூவில் நானூற்று எழுபத்திரண்டு மதிப்பெண், தமிழ்த் தட்டச்சில் முதல் வகுப்பு, உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் தண்டபாணியிடமிருந்து ஒரு மதியம் தப்பித்து வந்தது. கடைசியாகச் சொன்னதுதான் ரொம்பக் கடினம்.

தண்டபாணியைத் தனி மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஓர் இனம். தகுதி பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். வேலை வாய்ப்பு விளம்பரம் எதையும் விடாமல் படிப்பார், கத்தரிப்பார், பழைய காலண்டர் அட்டையில் ஒட்டுவார், நிபந்தனைகளின் கீழே சிவப்பு மையில் கோடு போடுவார், யாராவது விண்ணப்பத்தோடு போனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூப்பிடுவார். எதற்கு? வழி சொல்லவா? சேச்சே. வழி இல்லை என்று சொல்ல.

அன்று அம்சாவின் கையில் இருந்தது மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கான விண்ணப்பம். வெள்ளம், புயல் என்று மக்கள் கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கும் வேலை. மாலை ஐந்து மணிக்குள் காஞ்சிபுரத்தில் நேரில் கொடுக்க வேண்டும். அன்றுதான் கடைசி நாள். தையல் கடைக்குப் பக்கத்தில் இனாயத்துல்லா பாயின் ஜெராக்ஸ் கடை. கரண்ட் போயிருந்தது. அவள் காத்து நின்றாள். போதாதா?

"இன்னாம்மா, பேரிடரா? அனுபவம் கேப்பாங்களே. எத்தினி வெள்ளம் பார்த்துகிறே?"

"எங்க வூட்டுக்குள்ளயே மூணு தபா வந்துச்சிண்ணா."

"சர்டிபிகேட் கீதா?"

வீட்டுக்குள் வந்த வெள்ளம் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போகவில்லை என்பதை அம்சா ஒப்புக்கொண்டாள். தண்டபாணிக்கு முகம் மலர்ந்தது. காலண்டர் அட்டையைப் புரட்டினார். உயரம் நூற்று அறுபத்தைந்து செண்டிமீட்டர் என்று ஓர் இடத்தில் போட்டிருந்தது. அவளைக் கதவு நிலையோரம் நிற்க வைத்து, டேப்பைப் பிடித்து, பென்சிலால் கோடும் கிழித்துவிட்டார்.

"எட்டு செண்டிமீட்டர் கம்மிம்மா. சும்மா பஸ்ஸு செலவு."

இரண்டு நாற்பது பஸ் அவள் கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. அம்சா அந்தப் பென்சில் கோட்டைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு செண்டிமீட்டருக்கு எங்கே போவது?

பாய் எட்டிப் பார்த்தார். "யோவ், அது எந்த வருசத்து நோட்டீஸு? மேல தீயணைப்புன்னு போட்டுகிதே. அதுவும் ஆம்பளைங்களுக்கு."

"கண்டிஷன் இன்னிக்கி கொறையவா போவுது பாய்? ஏறித்தான் இருக்கும்."

"போன் எடுக்கறதுக்கு எதுக்குய்யா உயரம்? போனு பரண் மேலயா கீது?"

அப்போதுதான் அம்சா கேட்டாள்: "நீங்க எத்தினி வேலைக்கு அப்ளிகேஷன் போட்டீங்கண்ணா?"

"நானா? எனக்குத் தகுதி இல்லன்னு நானே கண்டுபிடிச்சிட்டேம்மா. ஒண்ணுகூட போடல." அதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

கரண்ட் வந்தது. பாய் நகல்களை மடிக்காமல் உறையில் போட்டுக் கொடுத்தார். மூன்று இருபத்தைந்து பஸ்ஸில் ஏறி, நின்றபடியே போய், நான்கு ஐம்பத்திரண்டுக்கு அம்சா விண்ணப்பத்தைக் கொடுத்து முத்திரை வாங்கினாள்.

நேர்காணலில் ஒரே கேள்வி: வீட்டில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று ஒருவர் அழுதுகொண்டே கூப்பிட்டால் என்ன கேட்பாய்?

"மெயின் சுவிட்ச அணைச்சிட்டீங்களான்னு கேப்பேன் சார். அப்பறம் கட்டிப் போட்ட மாட்டை அவுத்துட்டீங்களான்னு கேப்பேன். அவங்க அழுவறத நிறுத்திட்டு அதப் பார்க்கப் போவாங்க."

அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை.

தண்டபாணியைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். சரி. உங்கள் வீட்டுப் பிள்ளை போன வாரம் ஒரு விளம்பரத்தைக் காட்டியபோது, நீங்கள் முதலில் தேடியது எந்த வரியை? அதற்குள் இங்கே ஒருத்தி தன் பெயருக்கு நேராக, வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்: 14 அக்டோபர் 2024, திங்கட்கிழமை.