வில்லுக்கத்தியாரின் மற்றக் கை

மட்டக்களப்பு வாவியில் தூண்டிலைப் போட்டுவிட்டு அரைநாள் அசையாமல் இருப்பவர்கள்கூட எங்கள் வில்லுக்கத்தியாரோடு ஒப்பிட்டால் அவசரக்காரர்கள். ஒரேயொரு மடக்குக் கத்தி வாங்குவதற்கு விதைப்பில் தொடங்கி அறுவடையில் முடித்த மனிதர் அவர். பெண் பார்க்கப் போனபோதோ, கோப்பி ஆறுமுன் சம்மதம் சொல்லிவிட்டாராம்.

"அது லேசு. அவ என்னைத் தெரிஞ்செடுத்தா. கத்தியை நாமதானே தெரிஞ்செடுக்கோணும்?" என்பார்.

அவர் எங்கள் கந்தோரின் பெரிய கிளாக்கர். நான் புதிதாகச் சேர்ந்த சின்னக் கிளாக்கர். பென்சில் சீவ, கட்டு நூல் அறுக்க, மாம்பழம் பங்கிட, காலில் ஏறிய முள்ளை எடுக்க, எல்லாவற்றுக்கும் அவர் மடியிலிருந்து வில் வைத்த மடக்குக் கத்தியான வில்லுக்கத்தி ஒன்று வரும். ஒருநாள் அதன் வில் உடைந்தது. அன்றிலிருந்து மனிதர் வெறும் மடியைத் தடவித் தடவிப் பார்ப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு காத்தான்குடி இரும்புக்கடைக்குப் போவார். புறப்படுமுன் வலக்கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுவார். நகமில்லாத நாளிலும் கத்தி திறக்க வேண்டுமாம்!

"இது மான்கொம்புப் பிடி ஐயா, ரெண்டு அலகு" என்பார் கடைக்காரர். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"ரெண்டெண்டா எதைத் திறக்கிறதெண்டு யோசிக்கோணும் காக்கா. எனக்கு யோசினை வந்தா லேசில போகாது."

பிறகு சோதனை. வலக்கையைத் தண்ணீரில் நனைப்பார். இடக்கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, வலக்கைப் பெருவிரலால் மட்டும் அலகைத் தள்ளுவார். திறக்காத கத்தியைத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி, மரியாதையாகப் பெட்டியில் வைப்பார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்தப் பளபளப்பில் மயங்கி வாங்கிக்கொண்டு போவார்கள். காக்காவுக்கு வியாபாரம் அமோகம். இருந்தும் ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"அல்லாஹ் ரெண்டு கை தந்திருக்கான். மற்றக் கையையும் கொஞ்சம் பாவிச்சா என்ன ஐயா?"

"மற்றக் கையில எப்பவும் என்னவும் இருக்கும் காக்கா."

கடைசியில் ஒன்று தேறியது. கறுப்புக் கொம்புப் பிடி, ஒற்றை அலகு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அவரோ அதைப் பேரப்பிள்ளை போலக் கொஞ்சினார்.

அடுத்த வாரமே வேலை விஷயமாகக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக இருவரும் பாய்த்தோணியில் ஏறினோம். நடு வாவியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று சுழற்றி அடித்தது. தோணி சரிந்தது, நான் தலைகீழாகத் தண்ணீருக்குள். பாய்க்கயிறு என் காலில் சுற்றிக்கொண்டு, என்னைத் தலைதூக்க விடாமல் இழுத்தது.

"கயித்தை வெட்டுங்க ஐயா!" என்று தோணிக்காரன் அலறினானாம்.

வில்லுக்கத்தியார் ஒரு கையால் என் சட்டையைப் பிடித்தார். ஈரமான மறுகையின் பெருவிரல் அலகைத் தள்ளியது. கயிறு அறுந்தது. ஆனால் சட்டையும் கிழிந்து நான் நழுவினேன். இழுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கத்தியைக் கைவிட்டார்.

தோணிக்குள் கிடந்து இருமி முடித்ததும், "கத்தி எங்க ஐயா?" என்றேன்.

"அது போயிற்று. ஆனா ஈரக் கையில திறந்திச்சே, கண்டியா?"

என் தலை தண்ணீருக்குள் இருந்தது. நான் எங்கே கண்டேன்! ஒரு போகம் முழுக்கத் தேடிய கத்தியா, நேற்று வந்த சின்னக் கிளாக்கரா என்று வந்தபோது அந்த மனிதர் யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை மறுபடி காத்தான்குடி.

"அதே சாதிக் கத்தி இன்னொண்டு கிடக்கு ஐயா. கட்டித் தரட்டா?" என்றார் காக்கா ஆவலோடு.

"அவசரப்படாதீங்க காக்கா. முதல்ல எல்லாத்தையும் எடுங்க."

வலக்கையை நனைத்தார். இடக்கையில் பிடிக்கக் குடை இல்லை. அதுவும் வாவியோடு போயிருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"இஞ்ச வா மனே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் கத்தியைத் திறக்கத் தொடங்கினார். கடை பூட்டும்வரை நான் அசையாமல் நின்றேன்.